ஈயமில்லாப் பெற்றோலும் எங்கள் பழைய கார்களும்

இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிய விவசாயி ஒருவர் தமது மொறிஸ் மைனர் காரைத் திருத்தி எடுத்திருந்தார். சந்தைக்கு மரக்கறி ஏற்றவும், அவசரத்திற்கு நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். “சுவாமி, இப்ப வாற பெற்றோலிலை ஈயம் இல்லையாம். அடிச்சால் என்ஜின் பழுதாகுமாம். இரும்பு விலைக்குக் குடுக்கச் சொல்லுறாங்கள்” என்றார். இதே கேள்வி பலரிடமும் இருப்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

ஈயம் ஏன் சேர்க்கப்பட்டது?

1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிஜ்லி என்பவர், ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் என்ஜின் ‘தட்டுவது’ நிற்கும் எனக் கண்டார். ஈயம் இன்னொரு வேலையையும் செய்தது. புகை வெளியேறும் வால்வு, என்ஜின் நிமிடத்திற்கு 3000 தடவை சுழலும்போது செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. கடும் சூட்டில் வால்வும் அது வந்து அமரும் இருக்கையும் ஒட்டிப் பிய்ந்துவிடாமல், ஈயம் மெல்லிய படலமாக இடையில் நின்று காத்தது.

ஆனால் அதே ஈயம் புகையோடு வெளியேறிப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. ஆகவே உலக நாடுகள் அதைக் கைவிட்டன. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

எந்த என்ஜினுக்குப் பாதிப்பு?

டீசல் உழவு இயந்திரத்திற்கும் இரண்டடி என்ஜினுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களில் வால்வு இருக்கை சிலிண்டர் ஹெட்டின் இரும்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். கவனம் தேவைப்படுவது இவற்றுக்கே.

ஆயினும் அஞ்ச வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவை இதே கார்கள்தான். மண்ணெண்ணெயில் ஈயம் கிடையாது. எங்கள் ஒழுங்கைகளில் மெதுவாக ஓடியதால் வால்வுகள் கடும் சூட்டுக்கு உள்ளாகவில்லை. தேய்மானத்தைக் கூட்டுவது வேகமும் அதிக பாரமுமே.

சத்தம் குறைந்தால் கவனியுங்கள்

இருக்கை தேயும்போது வால்வு ஹெட்டுக்குள் சிறிது சிறிதாக இறங்கும். அப்போது ‘டப்பெற்’ இடைவெளி குறையும். ‘டிக் டிக்’ என்ற சத்தமும் குறையும். என்ஜின் திருந்திவிட்டது என்று நாம் மகிழ்வோம். உண்மையில் பழுது அங்குதான் தொடங்குகிறது. இடைவெளி முற்றாக அற்றுப்போனால் வால்வு சரியாக மூடாது, கருகிவிடும், இழுவையும் போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. மொறிஸ் மைனருக்கு என்ஜின் குளிர்ந்திருக்கையில் இடைவெளி 12 தவ், அதாவது 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். முதலில் 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அளந்து கொப்பியில் குறித்து வாருங்கள். மாறாவிட்டால் அளக்கும் தவணையைக் கூட்டலாம்.

2. மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் விரட்ட வேண்டாம்.

3. பாரத்தோடு ஏறும்போது என்ஜின் தட்டினால் 95 ஒக்ரேன் பெற்றோல் அடித்துப் பாருங்கள். அல்லது மெக்கானிக்கிடம் சொல்லித் தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுங்கள். அளவுக்கு மீறித் தள்ளினால் வால்வு மேலும் சூடாகும்.

4. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். அது தட்டுவதைக் கூட்டும்.

5. ஈயத்திற்குப் பதிலாக ஊற்றும் திரவங்களில் சில உதவும். ஆனால் பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது செலவு.

6. திருத்திய பின்னும் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால், ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் புகைவழி வால்வுகளுக்கு உறுதியான உருக்கு இருக்கைகள் பொருத்துவியுங்கள். ஒருமுறை செய்தால் போதும். அதற்கு முன் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

அந்த விவசாயியின் காரை அளந்து பார்த்தோம். நான்கு புகைவழி வால்வுகளில் மூன்று சரியாக இருந்தன. ஒன்று மாத்திரம் 10 தவ்வுக்கு இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்து கொப்பியில் திகதியோடு எழுதிக் கொடுத்தேன். கார் இப்போதும் சந்தைக்குப் போய் வருகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் நின்றால், இரும்பு வியாபாரி விலை சொல்லுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்.