அண்ணாச்சியின் முதுகு

வயது ஏற ஏற வேகம் குறையும் என்பது உலக வழக்கு. அவ்வழக்கைச் சற்றும் மதியாத ஒருவருடன் மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சைக்கிளில் செல்லும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. பேறு என்று இப்பொழுது எழுதுகிறேன். முதல் ஓராண்டுக் காலம் இதனை வேறு பெயரிட்டே மனத்துக்குள் அழைத்து வந்தேன். அப்பெயர் சங்கத்தின் ஏட்டில் அச்சேறத் தக்கதன்று.

எனக்கு வயது 44. அவருக்கு 67. சொந்த ஊர் பாளையங்கோட்டைக்குப் பக்கம். இருபத்து மூன்றாம் வயதில் புனேக்கு வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் 37 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். தம் பெயரை எழுதலாகாது என்பது அவருடைய கட்டளை. ஆகவே, எல்லோரும் அழைப்பது போல அண்ணாச்சி என்றே நானும் எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஸ்வார்கேட்டில் புறப்படுவோம். சாலை முழுதும் மோட்டார் வண்டிகள் வந்து நிறைவதற்கு முன்னே ஊரைக் கடந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்நேரம். கடக்வாஸ்லா அணையை எட்டும்போது நீர்ப்பரப்பின் மீது வெளிச்சம் பரவும். அதன்பின் டோணஜே கிராமத்தைத் தாண்டிச் சிம்மகட் கோட்டைக்கு ஏறும் மலைப்பாதை தொடங்குகிறது. 1670-இல் தானாஜி மாலுசரே தம் உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை அது. கடல் மட்டத்திற்கு மேல் 1,300 மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் இருக்கிறது. புனே நகரமோ 560 மீட்டர் அளவில் இருக்கிறது. இடையிலுள்ள உயரத்தின் பெரும்பகுதியைக் கடைசிச் சில கிலோமீட்டர்களிலேயே ஏறியாக வேண்டும். தானாஜியின் வீரர்கள் இரவில் செங்குத்தான பாறையைப் பற்றி ஏறினார்கள். நான் பகலில், தார் போட்ட சாலையில் ஏறுகிறேன். ஆயினும் நான்காவது வளைவில் அவர்கள்பால் எனக்கு உண்டாகும் அனுதாபம் உண்மையானது.

இனி முதல் நாள் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாத என் தேகத்தைச் சீர்படுத்த எண்ணி, நல்ல விலை கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கியிருந்தேன். எடை 9 கிலோ. அண்ணாச்சியினுடையது பழையதாக வாங்கிய கியர் சைக்கிள். எடை 13 கிலோ. அதன் பின்புறத்துக் கேரியரில் பம்பும், பங்ச்சர் ஒட்டும் சாமான்களும், ஒரு வெள்ளைத் துண்டும். என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், “அருமையான வண்டி, தம்பி. மெதுவாகப் போவோம், நமக்கு என்ன அவசரம்?” என்றார். வயதானவர், நம்மைத் தம்முடைய வேகத்துக்கு இழுக்கப் பார்க்கிறார் என்று எண்ணி, பெருந்தன்மையுடன் சம்மதித்தேன்.

கடக்வாஸ்லா வரையில் அவருக்குப் பின்னாலேயே சென்றேன். மலை தொடங்கியது. முதல் வளைவில் அவருக்கும் எனக்கும் இடையே பத்து மீட்டர். இரண்டாவதில் ஐம்பது. மூன்றாவதில் வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் மறைந்தது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு கோட்டை வாயிலை அடைந்தபோது அவர் பாக்ரியும் பிட்லாவும் உண்டு முடித்து, மண் சட்டித் தயிரில் பாதியை எனக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வந்துட்டீங்களா, தம்பி?” என்றாரே தவிர வேறு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஏன் இப்படி என்று ஆராயத் தொடங்கினேன். தோற்றவனுக்கு ஆராய்ச்சியில் ஊக்கம் பிறப்பது இயல்பு.

சமதரையில் சைக்கிள் விடுகிறவனுக்கு முதற்பகை காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் அவ்வுழைப்பில் கால் பங்கு அளவுக்கு மிச்சமாகும். கடக்வாஸ்லா வரையில் நான் அண்ணாச்சிக்குச் சமமாக வந்ததன் இரகசியம் இதுவே. காற்றை அவர் கிழித்துக்கொண்டு போனார். கிழிந்த வழியில் நான் போனேன். மலையிலோ வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவதால் காற்று ஒரு பொருட்டே அன்று. அங்கே பகை பாரம். என் எடை அப்பொழுது 84 கிலோ; அண்ணாச்சி 58. என் சைக்கிள் நான்கு கிலோ இலேசு என்பதைக் கழித்தாலும், 22 கிலோவை அவரைக் காட்டிலும் அதிகமாக நான் ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஏறத்தாழ ஓர் அரிசி மூட்டையை மலைமேல் கொண்டு சென்று, வாங்குவார் இல்லாமையால் திரும்பக் கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

பாரம் மட்டுமா? பெடலை மிதிக்கும் முறையிலும் வேறுபாடு. நான் கனத்த கியரில், நிமிஷத்திற்கு நாற்பது சுற்றுக்கூட வராமல், ஒவ்வொரு மிதியிலும் உடம்பையே சாய்த்து அழுத்துவேன். அவர் இலேசான கியரில் எழுபது சுற்றுக்குக் குறையாமல், தையல் இயந்திரம் ஓட்டுவது போல மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் குறைவாகையால் தசை சீக்கிரம் களைப்பதில்லை.

ஆனால் வயது என்று ஒன்று உண்டல்லவா? நிமிஷத்திற்கு இதயம் துடிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை வயதோடு குறைகிறது. 220-இலிருந்து வயதைக் கழிப்பது தோராயமான கணக்கு. ஆளுக்கு ஆள் வேறுபடும். அக்கணக்கின்படி என் இதயத்திற்கு 176, அவருடையதற்கு 153. இவ்வளவு ஆதாயம் என் பக்கம் இருந்தும் பயன் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு இரத்தம் வெளிச்செல்கிறது, அதிலிருந்து எவ்வளவு பிராணவாயுவைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன என்பவையும் சேர்ந்தே ஒருவனுடைய திறனை நிர்ணயிக்கின்றன. முப்பது வயதுக்கு மேல் இத்திறன், உட்கார்ந்தே வாழ்கிறவர்களுக்குப் பத்து ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்குப் பத்து வீதம் தேய்கிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்குத் தேய்வு அதில் ஏறத்தாழப் பாதிதான்.

விடாமல் என்னும் சொல்லிலேதான் விஷயம் இருக்கிறது. அண்ணாச்சி வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர். போக வர 18. ஆண்டுக்கு 280 நாள் என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். 37 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் பூமியை நான்கரை முறை சுற்றியதற்குச் சமம். புனே ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியவுடன் கட்கிச் சாலையில் ஆறு போல் சைக்கிள்கள் வரும் என்பார் அண்ணாச்சி. பின்னர் ஸ்கூட்டர் வந்தது; மோட்டார் சைக்கிள் வந்தது; கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். அவர் மாறவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் என்றதும் ராபர்ட் மார்ஷான் நினைவுக்கு வருகிறார். 1911-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். 2012-இல், நூறு வயது நிறைந்த பின், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் விட்டார். 2014-இல், 102-ஆம் வயதில், அதே ஒரு மணியில் 26.927 கிலோமீட்டர். இரண்டு ஆண்டு மூத்தபின் வேகம் கூடியது எப்படி? வெரோனிக் பில்லா என்னும் உடலியல் அறிஞர் அவரை ஆராய்ந்து கண்டது இது: ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் பயிற்சி, அதில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான வேகம், ஒரு பங்கு மட்டுமே கடுமையானது. பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவருடைய திறன் அவ்விரண்டு ஆண்டுகளில் நூற்றுக்குப் பதின்மூன்று கூடியிருந்தது. 2021-இல், 109-ஆம் வயதில் காலமானார். இதனை அண்ணாச்சிக்குச் சொன்னேன். “அப்படின்னா எனக்கு இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் இருக்கு” என்று கணக்குப் போட்டுக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார்.

மார்ஷான் கதையில் நான் பற்றிக்கொண்டது அந்த ஐந்தில் ஒரு பங்கைத்தான். மனித சுபாவம்!

இரண்டாவது ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு. அவரை எப்படியும் முந்துவது என்று தீர்மானித்து, ஒன்றும் உண்ணாமல் புறப்பட்டேன். மலையடிவாரத்தில் எழுந்து நின்று மிதித்து அவரைக் கடந்தேன். திரும்பிப் பார்த்தேன், வெள்ளைத் துண்டு பின்னால் இருந்தது. அம்மகிழ்ச்சி இரண்டு கிலோமீட்டர் நீடித்தது. பிறகு கண் இருண்டது. மார்பில் கல்லை வைத்தாற்போன்ற ஒரு பாரம். சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி தம் வழக்கமான வேகத்திலேயே வந்து சேர்ந்தார். இறங்கினார். “இடது கை வலிக்குதா? தாடை?” என்று கேட்டார். இல்லை என்றேன். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தார். சற்று நேரத்தில் எனக்குத் தெளிந்துவிட்டது. மேலே போகலாம் என்றேன். அவர் இசையவில்லை. கோட்டையிலிருந்து இறங்கி வந்த ஜீப்பு ஒன்றை நிறுத்தி, இரண்டு சைக்கிள்களையும் அதன்மேல் கட்டச் செய்து, நேரே வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். ஓய்வு பெற்ற நாள்முதல், மழைக்காலத்தில் பாதையை மூடிய வாரங்கள் தவிர, ஒரு ஞாயிறும் அவர் கோட்டை வாயிலைத் தொடாமல் திரும்பியதில்லை. அன்று திரும்பினார்.

இதயத்தில் பழுதில்லை என்று சோதனைகள் காட்டின. ஆனால் இரத்த அழுத்தம் 158-க்கு 98 இருந்தது. எத்தனை காலமாக அப்படி இருந்ததோ, நான் அறியேன். நோவு ஒன்றும் தராமல் வளர்வது அதன் குணம். நாற்பது வயதுக்கு மேல், பழக்கமில்லாத உடம்பைக் கடும் முயற்சியில் இறக்குவதற்கு முன் அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். நம் குடும்பங்களில் மளிகைக் கணக்கு பார்க்கும் அளவுக்குக்கூட இதனைப் பார்ப்பதில்லை.

மாத்திரையும் உப்புக் குறைப்பும் தொடங்கின. சைக்கிளை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். உடம்புக்கு அஞ்சியன்று, அந்த ஜீப்புப் பயணத்தை நினைத்து. கிழவர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தவன் என்னும் எண்ணம் உறுத்தியது. மூன்று வாரம் போகவில்லை.

நான்காவது வாரம் அண்ணாச்சியின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்கள். “என்ன மதினி?” என்றேன். “நீங்க வரலைன்னு அவுகளும் போகலை” என்றார்கள்.

நான் திகைத்தேன். என்னை இழுத்துச் செல்வது அவருக்குச் சுமை என்றல்லவோ எண்ணியிருந்தேன்! மதினி விளக்கினார்கள். முன்பு ஐந்து பேர் சேர்ந்து போய்க்கொண்டிருந்தார்களாம். ஒருவர் மகனுடன் ஐதராபாத் போய்விட்டார். ஒருவருக்கு முழங்கால். இருவர் காலமானார்கள். நான் வருவதற்கு முந்திய மழைக்காலத்தில் தனியாகப் போன அண்ணாச்சி பாசியில் வழுக்கி விழுந்து, ஒரு மணி நேரம் சாலையோரத்தில் கிடந்திருக்கிறார். அதிலிருந்து துணையில்லாமல் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம். அச்செய்தியை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. பின்னாலே மூச்சிரைக்க ஒருவன் வந்துகொண்டிருக்கிறான் என்பதை நம்பியே மதினி அவரை வெளியே அனுப்பி வந்திருக்கிறார்கள்.

மறு ஞாயிறு ஐந்தரைக்கு ஸ்வார்கேட்டில் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் டயரை விரலால் அழுத்திப் பார்த்து, காற்று குறைவு என்று பம்பை எடுத்துக் கொடுத்தார்.

இப்பொழுது வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்திலேயே ஏறுகிறேன். பேச்சுக்குத்தான் ஆள் இருப்பதில்லை. அவர் முன்னே போய்விடுகிறார். எடை 76-க்கு வந்திருக்கிறது. முதல் நாள் மூன்றாம் வளைவில் மறைந்த வெள்ளைத் துண்டு இப்பொழுது ஏழாம் வளைவு வரையில் தெரிகிறது. புதிய ஏற்பாடு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டர்க் கல்லிலும் அண்ணாச்சி ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். நான் கையை உயர்த்துவேன். நான் நலம் என்று அவர் அறிய அது அடையாளம் என எண்ணியிருக்கிறார். அவர் நலம் என்று மதினிக்குச் சொல்ல எனக்கும் அதுவே அடையாளம்.

மேலே சட்டித் தயிர் இன்னும் பாதிதான் எனக்குக் கிடைக்கிறது. சங்க அன்பர்களில் சைக்கிள் உடையவர்கள் எவரேனும் சேர விரும்பினால், ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஸ்வார்கேட்டுக்கு வரலாம். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வரவும். பம்பு அண்ணாச்சியிடம் இருக்கிறது.