ஈரச் சுவரும் தீராத ஆய்வும்

ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1993, 1994 ஆம் ஆண்டுகளில் பத்துக் கைக்குழந்தைகள் நுரையீரலில் இரத்தம் கசிந்து நோயுற்றனர். அவர்கள் வாழ்ந்த, நீர்க்கசிவுள்ள வீடுகளில் வளர்ந்த கரும் பூஞ்சணத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மத்திய நிலையம் முதலில் தெரிவித்தது. எனினும் 2000 மார்ச்சில், தரவுகளைத் திரட்டிய முறையிலும் பகுப்பாய்விலும் குறைபாடுகள் இருந்தமையால் அத்தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என அதே நிலையம் அறிவித்தது. தனது தவறைத் தானே பகிரங்கமாக ஒப்புக்கொள்ளும் அரச நிறுவனத்தை நாம் பாராட்டவே வேண்டும். அவ்வாறானவை உலகில் அதிகமில்லை.

ஆனால், நிரூபிக்கப்படாதது ஒன்று. தீங்கற்றது என நிரூபிக்கப்பட்டது வேறொன்று. அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை இதனைத் தெளிவுபடுத்தியது. ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, மூக்கு மற்றும் தொண்டை உபாதைகள் ஏற்படுவதற்கும், பூஞ்சண ஒவ்வாமையுள்ள ஆஸ்துமா நோயாளருக்கு நோய் கிளர்வதற்கும் உள்ள தொடர்புக்குப் போதிய சான்று உண்டு என்றது. ஏனைய பல நோய்கள் குறித்தே சான்று போதவில்லை.

அடுத்த ஆண்டே கத்ரினா சூறாவளி வந்தது. நியூ ஒர்லியன்ஸ் பகுதியில் 2005 ஒக்டோபரில் பரிசோதிக்கப்பட்ட 112 வீடுகளில் 46 சதவீதமானவற்றில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது. நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்த வேண்டும் என்பது அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆலோசனை. வெள்ளம் பல நாட்கள் வடியாது நின்ற வீடுகளுக்குத் திரும்பிய எமது மக்கள் அது எத்துணை கடினம் என்பதை நன்கறிவர். சுவரின் மேல் சுண்ணாம்பு பூசுவதால் பூஞ்சணம் மறையுமேயன்றி அகலாது. நீர் வரும் வழி அடைபடாதவரை அது மீண்டும் வளரும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையை ஏற்படுத்தும்.

2008 இல் அமெரிக்க அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் இத்துறையைக் கணக்கெடுத்தபோது 65 அரச ஆய்வு முயற்சிகள் நடைபெற்றுக் கொண்டிருந்தன. அவற்றில் பாதிக்கும் குறைவானவையே ஒன்றோடொன்று நெருங்கி ஒருங்கிணைக்கப்பட்டிருந்தன. ஆஸ்துமாவும் அளவீட்டு முறைகளும் கூடுதலாக ஆராயப்பட, பூஞ்சண நச்சுக்கள் பற்றிய கேள்விகள் சொற்ப கவனத்தையே பெற்றன. அதாவது, மக்கள் எதற்கு அதிகம் அஞ்சினரோ அதுவே குறைவாக ஆராயப்பட்டது.

இத்தனை அளவுக்கு மேல் பூஞ்சணம் இருந்தால் ஆபத்து என ஓர் எண்ணைக் குறிப்பிட இயலாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் கூறியது. ஆகவே ஈரலிப்பையே தடுக்க வேண்டும் என்பது அதன் முடிவு. எண் இல்லை என்பதைக் காட்டித் திருத்த வேலைகளைத் தள்ளிப்போடும் வீட்டு உரிமையாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இம்முடிவு உவப்பானதல்ல.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று மரணமடைந்தது. சமூக வீடமைப்புத் தொகுதியிலிருந்த அதன் வீட்டில் நீண்டகாலமாகப் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என மரண விசாரணை அதிகாரி 2022 இல் தீர்மானித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டத்தின் முதற்கட்டம் 2025 ஒக்டோபர் 27 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பாரதூரமான ஈரலிப்புக் குறித்த முறைப்பாட்டைச் சமூக வீடுகளின் உரிமையாளர்கள் பத்து வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். பூஞ்சணத்தின் வகையையோ அளவையோ நிரூபிக்குமாறு அச்சட்டம் குடியிருப்பாளரைக் கேட்கவில்லை.