துப்பாக்கிக்கு யார் காவல்?

கொச்சியின் வல்லார்பாடம் தீவில் கப்பலேறக் காத்திருக்கும் கன்டெய்னர்களின் கதவுத் தாழ்ப்பாளில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குச்சி செருகியிருக்கும். அதன் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். போல்ட் சீல் என்பார்கள். பார்க்கப் பூட்டு மாதிரி இருந்தாலும் அது பூட்டு இல்லை. நீளப்பிடி கட்டர் ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் துண்டித்துவிடலாம். திருடனைத் தடுப்பது அதன் முக்கிய வேலை இல்லை. யாரோ கை வைத்தார்கள் என்று சொல்வதுதான் வேலை. குச்சி அறுந்திருந்தாலோ, தலையில் உள்ள எண் காகிதத்தில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டாலோ அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கி விசாரிப்பார்கள். 2011 பிப்ரவரியில் திறந்த முனையம் இது. அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி வந்தால் தீவின் வீடுகள். வளைகுடாவில் உழைத்த காசில் எழுந்த மாடிகள், கேட்டில் உள்ளங்கை அகலப் பூட்டு, தூணில் கேமரா. தடுப்பதற்கு இத்தனை இருந்தும், யாராவது கை வைத்தால் சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரு குச்சி கிடையாது. வீட்டையும் வீட்டில் உள்ள துப்பாக்கியையும் கொள்ளையிலிருந்து காப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. துப்பாக்கி என்றால் அட்டைப்படத்துக்கு ஆகும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எனக்கோ இந்த இரும்புக் குச்சிதான் விடாமல் உறுத்துகிறது.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைக் கணக்குப் பார்த்துவிடலாம். துப்பாக்கி இருக்கும் வீட்டுக்குத் திருடன் வரமாட்டான் என்பது அந்த நம்பிக்கை. வீட்டில் ஆள் இருக்கும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கும் புத்திக்கும் கட்டுப்பட்டவர் துப்பாக்கியைக் குண்டு நிரப்பாமல் இரும்புப் பீரோவில் வைத்திருப்பார். தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்கும். நள்ளிரவில் பின்கதவு முறியும் சத்தம் கேட்டு, விளக்கைப் போட்டு, இரண்டு சாவி தேடி, இரண்டு பூட்டைத் திறப்பதற்குள் வந்தவன் வேலையை முடித்திருப்பான். இதற்குப் பயந்து குண்டு நிரப்பித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால், திருடன் வருவதற்கு முன்பே பேரப்பிள்ளையின் கை அதில் பட்டுவிடும். ஆள் இல்லாத வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே துப்பாக்கி யாரையும் காப்பதில்லை. நகையைப் போல அதுவும் களவு போகும் பொருள். விற்ற நகையை உருக்கிவிடுவார்கள், அதோடு கதை முடியும். களவு போன துப்பாக்கியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறதே என்பார்கள். தருகிறதுதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, கொள்ளைக்காரன், இருட்டிய பின் வீட்டை உடைத்துப் புகுபவன் போன்றோரை எதிர்க்கையில் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு வீட்டில் ஓர் ஆள் விழித்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டது. துபாயில் தூங்குபவருக்கு அதனால் என்ன பயன்?

கேரளத்தில் பேச்சு எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும்: ஆளில்லா வீடு. 2011 கணக்கெடுப்பில் அம்மாநிலத்தில் காலியாகக் கிடந்தவை சுமார் 12 லட்சம். பத்து வீட்டுக்கு ஒன்றுக்கும் மேல். 2023ஆம் ஆண்டின் புலம்பெயர்வு ஆய்வு வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகளைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. வல்லார்பாடம் போன்ற தீவுக்கு இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை நகரத்துக்குப் போக்குவரத்து படகில்தான். கடைசிப் படகு போன பிறகு ஜெட்டியில் நிற்கும் புது முகம் நாலு பேர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பாலம் தீவுக்கு ஆஸ்பத்திரியையும் கல்லூரியையும் பக்கத்தில் கொண்டுவந்தது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கூடவே, எவர் வந்தார் எவர் போனார் என்று தானாகத் தெரிந்த காலத்தையும் முடித்துவைத்தது.

இதே பெயரின் சாயலில் கண்ணூரை அடுத்து வளபட்டணம் இருக்கிறது. 2024 நவம்பரில் அங்கே ஓர் அரிசி வியாபாரியின் குடும்பம் 19ஆம் தேதி வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் புறப்பட்டது. 24ஆம் தேதி திரும்பி வந்து பார்த்தால் பெட்டகம் காலி. ஏறக்குறைய 300 பவுன் நகை, ஒரு கோடி ரூபாய் ரொக்கம். ஜன்னல் கம்பியை எடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். பெட்டகத்தை உடைக்கவில்லை, அதன் சாவி வீட்டுக்குள்ளேயே இன்னொரு பீரோவில் இருந்ததாகச் செய்தி வந்தது. (நம் வீடுகளில் சாவி எங்கே இருக்கும் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்: சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவில், புடவை மடிப்பில். திருடனுக்கும் ஒரு வீடு உண்டு, அங்கேயும் சாவி அங்கேதான் இருக்கும்.) சில நாட்களிலேயே பக்கத்து வீட்டுக்காரர் கைதானார், பெரும்பகுதி மீட்கப்பட்டது. என் கவனத்தைப் பிடித்தது தொகை இல்லை. கேமராப் பதிவின்படி முதல் நாள் இரவு நுழைந்த ஆள் மறுநாள் இரவும் அதே வீட்டுக்குள் போயிருக்கிறார். முதல் இரவு நடந்தது யாருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இரண்டாம் இரவுக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும். கேமரா இருந்தது, பார்க்க ஆள் இல்லை. அந்தப் பெட்டகத்தில் நகைக்குப் பதில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்திருந்தால், தெரியாமல் போன அந்த நான்கு நாளில் அது எத்தனை எல்லை தாண்டியிருக்கும்?

ஆயுதம் தொலைந்தால் தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. தொலைந்ததே தெரியாதவர் எதைச் சொல்வது? துப்பாக்கியிலும் எண் பொறித்திருக்கிறது, கன்டெய்னர் சீலைப் போலவே. ஆனால் அந்த எண்ணை யார், எப்போது கண்ணால் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் உரிமம் புதுப்பிக்கும்போதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அதே திருத்தத்தில் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டினார்கள். முதலாவதற்கு எதிர்ப்பு கிளம்பியது, இரண்டாவது உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வசதி. எனக்கு உறுத்துவது இரண்டாவது. இடையில் தேர்தல் வந்தால் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லுவார்கள். அது வீண் அலைச்சல் என்று உரிமம் வைத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த அலைச்சலில்தான் பல துப்பாக்கிகள் வெளிச்சத்தையே பார்க்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடகைக் காட்டி மறுப்பார்கள். அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி, என்ன கெட்டுவிட்டது? ஆங்கிலேயர் காலத்தில் 1861இல் கிடைத்த உரிம விலக்கு இன்றும் குடவர்களுக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் குடகின் வழக்கத்தை உற்றுப் பார்த்தால் அது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. செப்டம்பரில் கைல்போள்து என்ற ஆயுத பூஜை. வீட்டில் உள்ள துப்பாக்கி எல்லாம் வெளியே வரும். துடைத்து, எண்ணெயிட்டு, குழலில் தோக் பூ செருகுவார்கள். தோக் என்றால் துப்பாக்கி. பூ வேறெதுவும் இல்லை, நம் செங்காந்தள்தான். அறுவடைத் திருவிழாவான புத்தரியில் மறுபடி வானத்தை நோக்கி ஒரு வேட்டு. ஐன்மனை என்ற பூர்வீக வீட்டின் முற்றத்தில் குடும்பமே கூடி நிற்கும்போது ஒரு துப்பாக்கி குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறையாவது எல்லார் கண்ணும் படும் ஏற்பாடு அது, பூஜை என்ற பெயரில். ஐன்மனைகளும் பெங்களூருக்குக் காலியாகும் காலத்தில் அந்த ஏற்பாடு எத்தனை நாள் என்பது குடகர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மலைத்தோட்ட வீட்டுக்காரர் வேறு மாதிரி கேட்பார்: காட்டுப்பன்றி கப்பைக் கிழங்கைத் தோண்டும்போது துப்பாக்கியை வெளியில் ஒப்படைத்துவிட்டு நான் என்ன செய்ய? நியாயம்தான், 2022 மே மாதம் பன்றியைச் சுடவைக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்ததும் இதற்காகத்தான். அவர் வீட்டில் ஆள் இருக்கிறது, துப்பாக்கிக்கு வேலையும் இருக்கிறது. என் பேச்சு அவரிடம் இல்லை. அப்பா காலத்துத் துப்பாக்கியின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பீரோவில் பூட்டிவிட்டு விமானம் ஏறுபவரிடம்தான். ஆயுத விதிகள் உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கியைப் பத்திரமாக ஒப்படைத்து வைக்க வழி செய்திருக்கின்றன. கொடுத்தால் துருப்பிடித்துத் திரும்பும் என்ற அச்சம் உண்டு. கொச்சிக் காயலின் ஈரத்தில் எண்ணெய் காணாத குழல் ஒரு மழைக்காலம் தாங்காது என்பதும் மெய். ஆனால் பூட்டிய வீட்டுப் பீரோவில் மட்டும் எண்ணெய் தடவுவது யார்? வியாபாரிக்காவது மாதம் ஒரு தொகை கொடுத்துத் துடைக்கச் சொல்லலாம்.

ஒப்படைக்க மனம் வராதவர்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. பீரோவைச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குவது. வெறும் பீரோவை நாலு பேர் தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் மூன்றாகக் கழலும்: குழல், கட்டை, முன்பிடி. முன்பிடியைத் தனியே வேறிடத்தில் பூட்டி வைத்தால் கிடைப்பவனுக்கு முழுத் துப்பாக்கி கிடைக்காது. கேரளக் காவல்துறையின் போல் ஆப் செயலியில் பூட்டிய வீட்டைப் பதியலாம். தமிழ்நாட்டிலும் ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவைக்கச் சொல்கிறார்கள். இவற்றிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது, வாரம் ஒரு முறை ஒரு மனிதர் உள்ளே போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்ப்பது. சம்பளம் கொடுத்தாவது. பீரோக் கைப்பிடியில் ஓர் எண் போட்ட பிளாஸ்டிக் சீல் மாட்டிவிட்டால் போதும், அவர் கையில் பீரோச் சாவிகூட வேண்டாம். எண்ணைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் துபாயில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தல் வரைக்கும், அந்தப் பீரோவுக்குள் இருப்பது துப்பாக்கியா அதன் வெறும் உறையா என்று சொல்ல ஆள் இல்லை.