பனியாறு சொல்லும் கணக்கு

பனியாறு ஓடுவது நம் கண்ணுக்குப் புலப்படாது. காலையில் பார்த்த பனி மாலையிலும் அதே இடத்தில் கிடப்பதுபோல் தோன்றும். இந்த ஓட்டத்தையும், அந்தப் பனி ஆண்டுக்கு ஆண்டு தேய்வதையும் காமிராவின் மூலம் உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் பாலோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர். அவருடைய வாழ்வையும் உழைப்பையும் கூறும் ஆவணப்படம் ‘சேஸிங் ஐஸ்’. ஜெஃப் ஆர்லாவ்ஸ்கி இயக்கிய இப்படம் 2012-இல் வெளிவந்தது.

பாலோக் நில அமைப்பியலைக் கற்றவர். ஆயினும், மனிதனின் செயல்களால் உலகின் தட்பவெப்பநிலை மாறுகிறது என்பதைத் தொடக்கத்தில் அவர் நம்பவில்லை. சான்றுகளை அறிந்த பின்னரே அவர் எண்ணம் மாறியது. பிறரை எப்படி நம்பவைப்பது? ஓர் அழகிய படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். மாற்றத்தைக் காட்ட வேண்டுமானால், ஒரே இடத்திலிருந்து பல ஆண்டுகள் படம் எடுக்க வேண்டும்.

இதற்காக 2007-இல் அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பனியாறுகளை நோக்கிய பாறைகளில் காமிராக்களைப் பொருத்தினார். அவற்றுக்குச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் கிடைத்தது. காமிராக்களைக் குறித்த நேரத்தில் இயக்கும் மின்னணுக் கருவிகள் முதலில் பழுதாயின. அவற்றைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பாலோக் பனிமேல் ஏறியதைப் படத்தில் காண்கிறோம்.

இம்முறையின் தத்துவம் எளியது. அரை மணிக்கு ஒரு படம் வீதம், 12 மணி நேரப் பகலில் 24 படங்கள் கிடைக்கும். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே ஒரு நாள் ஒரு நொடியாகச் சுருங்குகிறது. ஓராண்டை ஆறே நிமிடங்களில் பார்த்துவிடலாம்! படத்தில் தெரியும் கரைப் பாறைகள் நகர்வதில்லை. அவற்றை அளவுகோலாகக் கொண்டு பனியின் முனை எவ்வளவு பின்வாங்கியது என்று கணக்கிடலாம்.

பனியாறு பின்வாங்குவது ஏன்? மேலே பெய்யும் பனி அதற்கு வரவு. கீழே உருகுவதும், முனையில் உடைந்து கடலில் விழுவதும் செலவு. வரவைச் செலவு மிஞ்சினால் பனியாறு குறுகும்.

2008 மே 28 அன்று கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றின் முனையில் பெரும் பகுதி உடைந்து விழுந்தது. பல நாட்கள் காத்திருந்த பாலோக்கின் குழுவினர் இருவர் அதைப் படமாக்கினர். 75 நிமிடங்களில் சரிந்த பனி ஏறத்தாழ 7.4 கன கிலோமீட்டர்.

இத்தகைய ஓர் உடைவை மட்டும் கொண்டு பூமி வெப்பமடைகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. பனியாறுகள் இயல்பாகவே உடைபவை. பல இடங்களில், பல ஆண்டுகள், தொடர்ந்து பின்வாங்குவதே சான்றாகும். அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு 1980-களின் தொடக்கத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பின்வாங்கியுள்ளது.

இதனால் நமக்கென்ன? தம்ளர் நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது. வெளியிலிருந்து புதிதாக ஒரு கட்டியைப் போட்டால் உயரும். நிலத்தின்மேல் உள்ள பனி கடலில் சேர்வதும் இப்படித்தான். கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகலாம். ஆனால் கடல்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தாலே தாழ்ந்த கடற்கரைகளில் வாழும் கோடிக்கணக்கான மக்கள் பாதிக்கப்படுவர். பாறைமேல் அமர்ந்த அந்தக் காமிராக்கள் பதிவு செய்தது அவர்களுடைய எதிர்காலத்தையும்தான்.