ஐந்து நக டிராகன்

பழைய சீனப் பீங்கானைக் கையில் எடுத்ததும் சேகரிப்போர் செய்யும் காரியங்கள் இரண்டு. சித்திரத்திலுள்ள டிராகனின் காலில் எத்தனை நகம் என்று எண்ணுவார்கள். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பார்ப்பார்கள். நகம் ஐந்து, முத்திரையில் ஒரு சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயர் என்றால் உடனே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். ஏமாற்றமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சீனரின் டிராகன் மழையை அருளும் தெய்வப் பிராணி, சக்கரவர்த்தியின் சின்னம். ஐந்து நகமுடையது அரண்மனைக்கே உரியது என்பது விதி. ஜியாங்ஸி மாகாணத்து ஜிங்டெஜென் நகரச் சூளைகளிலிருந்து இப்பாத்திரங்கள் அரண்மனைக்குச் சென்றன. சிங் வமிச காலத்தில் (1644–1912) நிறமே பதவியைச் சொல்லும். உள்ளும் புறமும் மஞ்சளானால் பட்டத்தரசிக்கும் இராஜமாதாவுக்கும் உரியது. மஞ்சள் தளத்தில் பச்சை டிராகன் உயர்நிலைத் தேவியருக்கு. நீலத்தில் மஞ்சள் டிராகன் அவர்களுக்குக் கீழ்ப்பட்டோருக்கு. பச்சையில் ஊதா டிராகன் அதற்கும் கீழே. சோற்றுக் கிண்ணத்தைக் கண்டே உண்பவர் நிலையை அறிந்துவிடலாம்!

ஆனால் விதி வேறு, நடப்பு வேறு. தனியார் சூளைகளும் பிற்காலத்தில் ஐந்து நகம் தீட்டின. முத்திரையோ இன்னும் பெரிய சிக்கல். காங்ஸி சக்கரவர்த்தியின் ஆட்சியில் (1662–1722) வாழ்ந்த குயவர், இருநூறு ஆண்டுக்கு முந்திய செங்ஹுவா (1465–1487) பெயரைத் தாராளமாக எழுதினர். முன்னோர் கைத்திறனுக்குச் செய்த மரியாதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்களோ காங்ஸியின் பெயரையே எழுதினார்கள். இன்றும் ஜிங்டெஜெனில் தேர்ந்த கைகள் பழைய மாதிரிகளைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

பின் எதை நம்புவது? நீல நிறத்தைப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட இறக்குமதிக் கோபால்ட்டில் இரும்பு மிகுதி. ஆகவே கோடுகளில் ஆங்காங்கே கருமை திரண்டு, மேற்பூச்சுக்குள் அமிழ்ந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் குயவர் இதை மெச்சி, தூரிகையால் புள்ளி வைத்தே அக்கருமையைப் போலி செய்தனர். வைத்த புள்ளி ஒழுங்காக இருக்கும். தானே திரண்டதில் ஒழுங்கு இராது. அடுத்து, பூச்சுப் படாத அடி வளையத்தை விரலால் தடவி, மண்ணின் நயத்தை அறியவேண்டும். முத்திரையைக் கடைசியில் படித்தால் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க இப்பொழுது நல்ல சான்று உண்டு. அரண்மனைக்கு ஏற்காத பாத்திரங்களைச் சூளையிலேயே உடைத்துப் புதைப்பது வழக்கம். 1980-களிலிருந்து ஜிங்டெஜெனில் அகழ்ந்தெடுத்த அத்துண்டுகளை அறிஞர்கள் ஒட்டவைத்திருக்கிறார்கள். முழுப் பாத்திரம் மறைக்கும் மண்ணின் நிறத்தையும் பூச்சின் கனத்தையும் முறிந்த விளிம்பு காட்டிவிடும். ஐதராபாதில் வசிக்கும் நேயர்கள், எதையும் விலைக்கு வாங்குமுன், சாலார் ஜங் அருங்காட்சியகத்துச் சீனப் பீங்கான்களை நின்று நிதானமாகப் பார்த்து வரலாம்.