வைவாவுக்கு மறுநாள்

சென்ற வாரம் ஆய்வேடு எழுதும் கடைசி ஆறு மாதங்களைப் பார்த்தோம். இந்த வாரம், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு மறுநாள் காலை.

வைவா நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பொன்னாடை, புறத்தேர்வாளருக்கு மதியச் சாப்பாடு, ஊரிலிருந்து வந்து கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா. அப்படிப் பட்டம் பெற்ற என் மாணவி ஒருத்தி மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். "அடுத்து என்ன சார் பண்றது?" என்றாள். ஆறு ஆண்டுகள் அவளுக்கு நெறியாளராக இருந்தும் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை.

அவளுடைய நெருக்கடி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. ஐந்து ஆண்டு முடிந்தாலும் நின்றுவிடும், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலும் நின்றுவிடும், எது முந்துகிறதோ அது. அதன் பிறகுதான் ஆய்வேடு தேர்வாளர்களிடம் போய், அறிக்கைகள் வந்து, வைவாவுக்குத் தேதி கிடைக்கும். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது; விடுதி அறையையும் காலி செய்ய வேண்டும். உதவித்தொகையே இல்லாமல் ஆய்வு செய்கிறவர்களின் பாடு இன்னும் கடினம்.

துறையில் நாங்கள் காட்டும் வழி கல்லூரி வேலை ஒன்றுதான். அதிலும், 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சி போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, தேர்வு தள்ளிப்போனது. காத்திருக்கும் காலத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலை.

அந்த ஒரு வேலைக்காவது ஒழுங்காகத் தயார்செய்கிறோமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், எந்தத் துறை ஆய்வாளரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வகப் பணிகளும் தரலாம். நாங்களும் வகுப்பெடுக்க அனுப்புகிறோம். ஆனால் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எந்த இடத்தில் மாணவர்கள் கவனம் சிதறியது என்று சொல்ல யார் போகிறோம்? நான் போனதில்லை.

அன்று அவளுடைய சுயவிவரத்தை வாங்கிப் பார்த்தேன். ஆய்வுத் தலைப்பு, கட்டுரைகள், கருத்தரங்குகள். அவ்வளவுதான். வேதிக் கலவைகளைப் பிரித்து அளக்கும் எங்கள் எச்.பி.எல்.சி. கருவியை நான்கு ஆண்டுகள் பழுதில்லாமல் ஓட்டியவள் அவள். அளவு திருத்துவது, லாக் புக் எழுதுவது, கருவியின் காலம் (column) மாற்றுவது, கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுவது, ஜூனியர்களைப் பழக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பது இதே வேலைதான். இதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. "இதெல்லாம் ஆராய்ச்சி இல்லையே சார்" என்றாள். அப்படி நினைக்க வைத்தது நாங்கள்தான்.

நெறியாளர்களுக்கு ஒரு பயம் உண்டு, எனக்கும் இருந்தது: வேலையைப் பற்றிய பேச்சை எடுத்தால் ஆய்வு தேங்கிவிடும். அது சரியா என்று பார்க்க ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச்., 'பெஸ்ட்' என்ற திட்டத்தை 2013-இல் தொடங்கி, ஆய்வாளர்களைப் பல வகை வேலைகளுக்கும் ஆயத்தப்படுத்த 17 நிறுவனங்களுக்கு நிதி தந்தது. அவற்றில் 10 நிறுவனங்களின் தரவுகளைச் சேர்த்து அலசிய ஆய்வு 2021-இல் வெளியானது. இந்தப் பயிற்சிகளுக்குப் போனவர்களுக்குப் பட்டம் பெறுவதில் தாமதம் ஏற்படவில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையும் குறையவில்லை.

இப்போதெல்லாம் ஆய்வைக் கண்காணிக்கும் டி.சி. (முனைவர் பட்டக் குழு) முதல்முறை கூடுவதற்கு முன்பே ஆய்வாளரை உட்காரவைத்துக் கேட்டுவிடுகிறேன்: முடித்தபின் எங்கே இருக்க ஆசை? இந்த ஆண்டு சேர்ந்த பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ஏதோ தப்பு செய்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வாத்தியார் வேலை பிடிக்கலை சார்" என்றான். கதவைச் சாத்திவிட்டு இரண்டு டீ சொன்னேன். அன்று ஒன்றரை மணி நேரம் பேசியதில் தெரிந்தவற்றை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)