சபுரில் இருக்கும் பெரியவர்களும் வஸிய்யத்தும்

பிள்ளைகளோடு துபாய், ஷார்ஜாவில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள், "மவுத்துக்குப் பின் சொத்து என்னாகும்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

அடக்கச் செலவு முதலில். அடுத்து கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான். மீதியில் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்யலாம்: 30 லட்சம் மிஞ்சினால் 10 லட்சம். எஞ்சியது வாரிசுகளுக்கு. வாரிசு ஒருவருக்கே வஸிய்யத் எழுதினால் மற்றவர்கள் சம்மதித்தால்தான் செல்லும்.

ஆனால் வாப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு மகன் மவுத்தாகி, வேறு மகன் இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. அந்த யத்தீம்களுக்கு வஸிய்யத் ஒரு வழி. "சித்தப்பாமார் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறோம். எல்லா வீட்டிலும் பார்ப்பதில்லை.

நம் நாட்டு வங்கியில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே; பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அமீரகத்தில் மவுத்துச் செய்தி தெரிந்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும். கோர்ட் உத்தரவு வந்த பிறகே பணம் கிடைக்கும். இத்தா இருக்கும் மனைவியின் கைச்செலவுக்கு அவர் பெயரிலேயே தனிக் கணக்கு இருக்கட்டும்.

மையித்தை ஊருக்குக் கொண்டுவர நாளாகும். விரைந்து அடக்குவதே சுன்னத். "இங்கேயே அடக்குங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வராது.

கடன், அமானத் விவரங்களோடு இரண்டு சாட்சிகள் வைத்து எழுதுங்கள். மாதிரிப் படிவம் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் கிடைக்கும்.